ஆயில் பிரஷர் முள் விழுந்தால்: கோளாறு மீட்டரிலா, இன்ஜினிலா?

பழைய லாரியில் ஆயில் பிரஷர் முள் கீழே விழுந்தால் பட்டறையில் இரண்டு தீர்ப்புகளில் ஒன்று உடனே வந்துவிடும். "மீட்டர் கம்ப்ளெயின்ட்தான், ஓட்டுங்க" என்பது ஒன்று. "பேரிங் போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும்" என்பது மற்றொன்று. சோதித்துப் பார்க்காமல் சொன்னால் இரண்டுமே ஊகம். முதல் ஊகம் தப்பினால் கிராங்க் ஷாஃப்ட் போகும். இரண்டாவது தப்பினால் நல்ல இன்ஜினைப் பிரித்த கூலியும், வண்டி நின்ற நாட்களின் வாடகையும் போகும். இரண்டும் நட்டம்தான்; ஆனால் சம எடை உள்ள நட்டம் அல்ல. ஆகவே இந்தக் கேள்வியில் நடுநிலை சரிப்படாது என்பது என் எண்ணம். வேறொரு மீட்டர் மறுத்துச் சொல்லும்வரை, விழுந்த முள்ளை நம்பி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். அந்த மறுப்பை எப்படிப் பெறுவது, எந்த வரிசையில் தேடுவது என்பதுதான் மீதிக் கதை.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரித் தொழிலில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். பல கை மாறி, டேஷ்போர்டு ஒயரிங் நாலைந்து பேர் கைபட்டு, மீட்டர் ஒரு கம்பெனி, இன்ஜினில் உட்கார்ந்து மீட்டருக்குப் பிரஷர் அளவை அனுப்பும் சென்டர் இன்னொரு கம்பெனி என்று ஓடும் வண்டிகள் ஏராளம். அப்படிப்பட்ட வண்டியில் முள் காட்டுவது எதை என்பதே முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி.

முள் எதை அளக்கிறது

ஆயில் பம்ப் தன்னளவில் பிரஷரை உண்டாக்குவதில்லை. அது ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளப்பட்ட ஆயில் மெயின் பேரிங், பிக் எண்ட் பேரிங், கேம் ஷாஃப்ட் புஷ் ஆகியவற்றின் இடைவெளிகள் வழியாகக் கசிந்து வெளியேற வேண்டும். அந்த இடைவெளி சிறிதாக இருப்பதால்தான் பிரஷர் எழுகிறது. ஓஸ் பைப்பின் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் பீய்ச்சுவதைப் போல. பேரிங் தேய்ந்தால் இடைவெளி கூடும், பிரஷர் குறையும். ஆயில் சூடேறி இளகினாலும் குறையும். வேகம் கூடினால் பம்ப் அதிகம் தள்ளும், பிரஷர் ஏறும். ஓர் உச்சத்தைத் தொட்டதும் ரிலீஃப் வால்வு திறந்து மிகுதியைச் சம்புக்கே திருப்பிவிடும்.

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முள் மேலே நிற்பதும், மலை ஏறி இறங்கிச் சூடான இன்ஜினை ஐட்லிங்கில் விட்டால் தாழ்ந்து நிற்பதும் நோய் அல்ல. முள் அசைய வேண்டும். அசைவதுதான் உயிருள்ள மீட்டர். டாட்டா லாரிகளில் வந்த கம்மின்ஸ் பி வரிசை 5.9 லிட்டர் இன்ஜினுக்கு, சூடான நிலையில் ஐட்லிங்கில் குறைந்தபட்சம் 10 பி.எஸ்.ஐ., முழு வேகத்தில் 30 பி.எஸ்.ஐ. இருந்தால் போதும் என்பது கம்மின்ஸின் கணக்கு. நம் டயலில் அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.7 கிலோவும் 2.1 கிலோவும். காலையில் 4 கிலோ பார்த்துப் பழகிய டிரைவர் மாலையில் 1 கிலோ பார்த்துப் பதறலாம். அந்த இன்ஜினுக்கு அது சரியான அளவுதான். மறுபக்கம், முழு வேகத்தில் ஓடும்போது அதே 1 கிலோ நின்றால் அது அபாயம். எத்தனை கிலோ என்று மட்டும் சொன்னால் போதாது. சூடா, குளிரா, எந்த வேகத்தில் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

டயலுக்குப் பின்னால் இருப்பவை

மிகப் பழைய ஏற்பாடு நேரடிப் பைப். இன்ஜின் பிளாக்கிலிருந்து மெல்லிய செம்புப் பைப் ஒன்று ஆயிலையே டேஷ்போர்டு வரை கொண்டுவரும். மீட்டருக்குள் தட்டையாக்கி வளைத்த குழாய் ஒன்று இருக்கும். பிரஷர் ஏறினால் அது நிமிரப் பார்க்கும். அந்தச் சிறு அசைவைப் பல்சக்கரம் பெருக்கி முள்ளைத் திருப்பும். யூஜீன் பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. மின்சாரம் வேண்டாம், எர்த் வேண்டாம், பேட்டரி இறங்கினாலும் கவலை இல்லை. இன்றுவரை இதைவிட நம்பகமான சாட்சி வரவில்லை என்றே சொல்வேன். இதன் குறைகள் வேறு வகை: பைப்பில் கசடு அடைக்கும், அதிர்வில் யூனியன் அருகே வெடிப்பு விழும், வளைவில் நசுங்கும். இன்ஜின் அணைந்திருக்கும்போதே முள் பூஜ்யத்துக்கு வராமல் 1 கிலோவில் நின்றால் அந்த மீட்டர் காட்டும் ஒவ்வோர் அளவிலும் அந்த 1 கிலோ கூடுதலாக இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து வந்தவை மின்சார மீட்டர்கள். அவற்றில் ஒரு வகை வெப்பத்தால் வேலை செய்வது. இரட்டை உலோகப் பட்டையைச் சுற்றி மின்கம்பி. கரண்ட் ஓடினால் பட்டை சூடாகி வளையும், முள் மெல்ல ஏறும். இவற்றுக்குச் சீரான வோல்டேஜ் வேண்டும் என்பதால் பின்னால் ஒரு ஸ்டெபிலைசர் இருக்கும். ஸ்மித்ஸ் மீட்டர் வைத்த பிரிட்டிஷ் வண்டிகளில் அது சராசரி 10 வோல்ட் தரும். பழைய அமெரிக்க ஃபோர்டுகளில் 5 வோல்ட். டீசல் முள், சூட்டு முள், ஆயில் முள் மூன்றும் ஒரே நேரத்தில் கோளாறாகக் காட்டினால் இன்ஜின் பக்கம் போகவே வேண்டாம். ஸ்டெபிலைசரையும் அதன் எர்த்தையும் பார்த்தால் போதும்.

இன்னொரு வகையில் குறுக்காகச் சுற்றிய காயில்களின் காந்தப்புலம் முள்ளைத் திருப்பும். வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் இது அவ்வளவாகப் பாதிக்கப்படாது. இரு வகையிலும் இன்ஜினில் உட்காரும் சென்டர் ஏறத்தாழ ஒன்றுதான். ஆயில் ஒரு மெல்லிய தகட்டைத் தள்ள, அது ஒரு கரத்தை நகர்த்த, மின்தடை மாறும். எவ்வளவு மாறும் என்பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு. வி.டி.ஓ. சென்டர் பூஜ்யப் பிரஷரில் 10 ஓம், உச்சத்தில் 180 ஓம் அளவு. ஜெனரல் மோட்டார்ஸில் 0 முதல் 90. ஸ்டூவர்ட் வார்னரில் தலைகீழ்: பூஜ்யத்தில் 240, உச்சத்தில் 33. பழைய ஃபோர்டும் தலைகீழ்தான்: பூஜ்யத்தில் 73, உச்சத்தில் 10. நம் ஊரில் மீட்டர் என்றால் கோவை நினைவுக்கு வரும்; பிரீமியர் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அண்ட் கன்ட்ரோல்ஸ் என்று 1970களில் தொடங்கிய பிரிக்கால் அங்கேதான் இருக்கிறது. எந்த ஊர் மீட்டரானாலும் மீட்டரும் சென்டரும் ஒரே அளவுக் குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். கடையில் கிடைத்த சென்டரைத் திருகிவிட்டு "முள் இறங்கிக் காட்டுது" என்று இன்ஜினைக் குறை சொல்வது பெரிய அநியாயம்.

மூன்றாவதாக ஒரு வகையைச் சொல்ல வேண்டும். இது என்னைப் பொறுத்தவரை வருத்தமான அத்தியாயம். 1987 வாக்கில் ஃபோர்டு தன் பிக்கப் டிரக்குகளில் உண்மையான சென்டரை எடுத்துவிட்டு வெறும் சுவிட்சை வைத்தது. ஏறத்தாழ 6 பி.எஸ்.ஐ. தாண்டினால் சுவிட்ச் மூடும். மீட்டருக்குப் பின்னால் பதித்த 20 ஓம் ரெசிஸ்டர் முள்ளை நடுவில் கொண்டுபோய் நிறுத்தும். பிரஷர் 10 ஆனாலும் 50 ஆனாலும் முள் அதே இடம். டயல் அப்படியே இருக்கிறது, எழுத்துகள் இருக்கின்றன, அளவு மட்டும் இல்லை. முள் ஏறி இறங்குவதைக் கண்டு வாடிக்கையாளர்கள் பயப்படாமல் இருக்கச் செய்தது என்பார்கள். பயப்பட வேண்டிய நேரத்தில் பயம் காட்டுவதுதானே அந்த முள்ளின் வேலை? பழைய வண்டி வாங்குபவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். குளிரிலும் சூட்டிலும், ஐட்லிங்கிலும் ரேஸிலும் இம்மியும் அசையாத முள் ஆரோக்கியத்தின் அடையாளம் அல்ல.

பிந்திய எலக்ட்ரானிக் வகையில் மூன்று ஒயர் சென்சார் 5 வோல்ட் வாங்கி, பெரும்பாலும் 0.5 முதல் 4.5 வோல்ட் வரை திருப்பி அனுப்பும். டயலில் சின்ன ஸ்டெப்பர் மோட்டார் முள்ளைத் திருப்பும். 2003 முதல் 2006 வரையிலான ஷெவர்லே, ஜி.எம்.சி. டிரக்குகளில் இந்த மோட்டார்கள் பழுதாகி முட்கள் கண்ட இடத்தில் நின்றது பெயர் பெற்ற கோளாறு. அதே கம்பெனியின் 5.3 லிட்டர் இன்ஜின்கள் சிலவற்றில் வேறொன்றும் உண்டு: சென்சார் இருக்கும் துளையில் ஒரு குட்டி வலை ஃபில்டர், அதில் கசடு அடைத்தால் இன்ஜினில் பிரஷர் இருக்கும், சென்சாருக்குப் போய்ச் சேராது. புதுச் சென்சார் மாட்டியும் முள் எழவில்லை என்று இன்ஜினைப் பிரிக்கத் துணிபவர்கள் முதலில் அந்த வலையைப் பார்க்க வேண்டும்.

எங்கே தொடங்குவது

வண்டியை ஓரங்கட்டி, அணைத்து, சில நிமிடம் விட்டு டிப் ஸ்டிக்கை எடுக்க வேண்டும். அளவு குறைந்திருந்தால் கதை அங்கேயே முடியலாம். பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் மட்டும் முள் துள்ளி விழுந்திருந்தால் அதுவும் இதனால்தான். அளவு கூடியிருந்தால் அது இன்னும் மோசம். ஆயில் தானாகப் பெருகாது; டீசல் கலந்திருக்கிறது. விரலில் தேய்த்து முகர்ந்தால் தெரிந்துவிடும். ஃபீட் பம்ப் டயாஃப்ரமோ இன்ஜெக்டரோ கசிகிறது. இங்கே மீட்டர் உண்மை பேசியிருக்கிறது.

பிறகு எச்சரிக்கை விளக்கு. பெரும்பாலான வண்டிகளில் மீட்டருக்கு ஒரு வழி, சிவப்பு விளக்குக்குத் தனிச் சுவிட்ச். விளக்கு பொதுவாக 0.3 முதல் 0.5 பார் அளவில் எரியும். முள் பூஜ்யத்தில் கிடக்க, விளக்கு எரியாமல் இருந்தால் ஏதோ கொஞ்சம் பிரஷர் இருக்கிறது என்று பொருள். அது போதுமானது என்று பொருள் அல்ல. சாவி போட்டதும் விளக்கு ஒருமுறை எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அதன் சாட்சியத்தை ஏற்க வேண்டும், பல்பே போயிருக்கலாம். வி.டி.ஓ. பாணிச் சென்டர்களில் இரண்டு வேலையும் ஒரே உடலில் இருக்கும். ஒரு முனையில் "ஜி" என்றும் மற்றதில் "டபிள்யூ.கே." என்றும் பொறித்திருக்கும்: முதலாவது மீட்டருக்கு, இரண்டாவது விளக்குக்கு. இரண்டு ஒயரையும் மாற்றிச் செருகிவிட்டால் மீட்டரும் விளக்கும் அபத்தமாகக் காட்டும். ஒரே உடல் என்பதால் இவற்றை இரண்டு தனிச் சாட்சிகளாகக் கணக்கில் எடுக்கவும் முடியாது.

இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு முள் பூஜ்யத்தில் நிற்கிறதா பார்க்க வேண்டும். பிறகு சென்டர் ஒயரைக் கழற்ற வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். வி.டி.ஓ., ஜெனரல் மோட்டார்ஸ் வகையில் ஒயரைக் கழற்றினால் முள் உச்சிக்குப் போகும், பாடியில் தொட்டால் பூஜ்யத்துக்கு வரும். பழைய ஃபோர்டு, ஸ்டூவர்ட் வார்னர் வகையில் நேர் எதிர். ஒரே அறுந்த ஒயர் ஒரு வண்டியில் டிரைவரைப் பதற வைக்கும். இன்னொன்றில் "பிரஷர் பிரமாதம்" என்று தூங்க வைக்கும். இரண்டாவதுதான் ஆபத்து. ஆகவே உச்சியில் ஒட்டிக்கொண்ட முள்ளையும் கோளாறாகவே எடுக்க வேண்டும். வெப்ப வகை மீட்டரில் ஒயரை நேராகப் பாடியில் பிடித்துக்கொண்டே இருந்தால் உள்ளே கம்பி கருகும். இடையில் பொருத்தமான ரெசிஸ்டர் ஒன்றை வைத்துச் சோதிப்பதுதான் முறை. 0–90 வகைக்கு 45 ஓம் வைத்தால் முள் ஏறத்தாழ நடுவில் நிற்க வேண்டும். நின்றால் மீட்டரும் ஒயரும் நலம். சந்தேகம் சென்டர் பக்கம் திரும்புகிறது.

சென்டரைக் கையில் எடுத்துப் பார்ப்பது பலன் தரும். பிளக் உள்ளே ஆயில் ஈரம் இருந்தால் தகடு கிழிந்துவிட்டது. உள்ளே தடைக்கம்பிச் சுற்றின் மேல் உரசி உரசி நகரும் கரம், வண்டி வாழ்நாளில் அதிக நேரம் நிற்கும் இடத்தில்தான் கம்பியை அதிகம் தேய்க்கும். அதனால் குளிரில் சரியாகவும், ஐட்லிங்கில் சரியாகவும், ஓட்டும் வேகத்தில் மட்டும் திடீரென்று விழுந்தும் எழுந்தும் காட்டுவது தேய்ந்த சென்டரின் கையெழுத்து. உண்மையான பிரஷர் அப்படி நொடியில் பூஜ்யத்துக்கும் நொடியில் மேலேயும் போவது அரிது. ஒற்றை ஒயர் சென்டர் தன் மரை வழியாகவே எர்த் எடுக்கிறது. கசிவுக்குப் பயந்து மரை முழுக்க டெஃப்லான் டேப்பைச் சுற்றினால் எர்த் கெட்டு, நல்ல சென்டரே தப்பாகக் காட்டலாம். மரையிலும் கவனம் வேண்டும்: 1/8 என்.பி.டி. மரையில் அங்குலத்துக்கு 27 புரி, 1/8 பி.எஸ்.பி.யில் 28. கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், இரண்டு சுற்று ஏறவும் செய்யும். அதற்கு மேல் ஸ்பேனரை அழுத்தினால் பிளாக் மரை போச்சு. 24 வோல்ட் லாரியில் 12 வோல்ட் மீட்டரை மாட்டுவதும் இதே ரகத் தவறு.

இவ்வளவும் சந்தேகத்தைக் குறுக்கும். தீர்ப்புச் சொல்வது மாஸ்டர் கேஜ்தான். சென்டரைக் கழற்றிய துளையில் பைப்புடன் கூடிய நேரடி மீட்டரைத் திருகி, இன்ஜினை வேலை செய்யும் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஐட்லிங்கில் ஒருமுறை, முழு வேகத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும். முன்பே பைப் மீட்டர் உள்ள வண்டியில், டயல் பக்கத்து யூனியனைத் தளர்த்தி ஒரு பாட்டிலில் பிடித்தால், ஸ்டார்ட் செய்ததும் ஆயில் தாராளமாக வருகிறதா என்று தெரியும். சொட்டுச் சொட்டாக வந்தால், பைப்பை இன்ஜின் பக்கமும் கழற்றிக் காற்றடித்துப் பார்த்த பிறகே வேறு எதையும் பேசலாம். மாஸ்டர் கேஜ் சரியான அளவு காட்டினால் இன்ஜினைத் தொடாமல் மூடிவிடலாம். பெரிய வேலை இல்லை இது. இதைச் செய்யாமல் இன்ஜினை இறக்கச் சொல்லும் எந்தப் பட்டறையையும் லாரிக்காரர் கேள்வி கேட்க வேண்டும்.

மாஸ்டர் கேஜும் தாழ்த்திக் காட்டினால்

அப்போதும் நேராகப் பேரிங்குக்குப் போக வேண்டியதில்லை. ஆயில் கிரேடு, டீசல் கலப்பு, சம்ப் வலையில் கசடு, ரிலீஃப் வால்வில் துகள் சிக்கித் திறந்தே நிற்பது, பம்ப் கியர் தேய்வு என்று மேலோட்டமானதிலிருந்து ஆழமானதற்குப் போக வேண்டும். கடைசியில் பேரிங்.

இங்கே இரண்டு கைவைத்தியங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒன்று, ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் வைப்பது. அந்த வால்வு உச்ச பிரஷரில்தான் திறக்கும். சூடான ஐட்லிங்கில் அது ஏற்கெனவே மூடித்தான் கிடக்கிறது; மூடியதை இன்னும் இறுக்கி என்ன பயன்? ஐட்லிங் பிரஷர் ஒரு புள்ளிகூட ஏறாது. குளிர் ஸ்டார்ட்டில் மட்டும் அளவுக்கு மீறி ஏறி, ஃபில்டரையும் பம்ப் டிரைவையும் வதைக்கும். மற்றொன்று, கெட்டியான ஆயில் ஊற்றி முள்ளை ஏற்றுவது. முள் ஏறும், மெய்தான். ஆனால் கெட்டி ஆயில் குளிரில் மெதுவாகத்தான் பேரிங்கைச் சேரும். டர்போ உள்ள வண்டியில் அந்த முதல் நொடிகள்தான் டர்போவைத் தின்னும். முள்ளுக்கு வைத்தியம் செய்து இன்ஜினைக் கெடுக்கும் வேலை இது. விற்பதற்கு முன் இப்படி ஊற்றி வைப்பவர்களும் உண்டு என்பதால், பழைய லாரி பார்க்கப் போகிறவர் குளிர்ந்த இன்ஜினில் முள்ளைப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. அரைமணி நேரம் லோடோடு ஓட்டிவிட்டு ஐட்லிங்கில் பார்க்க வேண்டும்.

பழைய வண்டிகளுக்கு என் பரிந்துரை, மின்சார மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, சென்டர் இருக்கும் துளையில் ஒரு டீ ஜாயின்ட் போட்டு நேரடிப் பைப் மீட்டர் ஒன்றை நிரந்தரமாகச் சேர்த்துவிடுவது. டீ வழியாகவும் சென்டருக்கு எர்த் கிடைக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிட வேண்டும். செம்புப் பைப் என்றால் இன்ஜின் பக்கத்தில் இரண்டு சுற்றுச் சுருள் விட வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வில் இறுகி யூனியன் அருகே வெடிக்கும். நைலான் பைப் என்றால் எக்ஸாஸ்ட் பக்கமே போகக் கூடாது. கேபினுக்குள் சூடான ஆயில் பீய்ச்சினால் டிரைவரின் காலில்தான் விழும். ஃபயர்வால் துளையில் ரப்பர் கிராமெட் கட்டாயம். மாட்டி முடித்ததும், ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் கிலோமீட்டரை எழுதும் அதே நோட்டில், சூடான ஐட்லிங்கில் எத்தனை, முழு வேகத்தில் எத்தனை என்று இரண்டு எண்களையும் எழுதிவர வேண்டும். 1.5 கிலோ, 1.4, 1.4, 1.2 என்று மெல்ல இறங்கினால் அது தேய்மானம். வேலைக்கு நாள் குறித்துக்கொள்ளலாம். 1.4இலிருந்து ஒரே நாளில் 0.4க்கு விழுந்தால், டீசல் கலப்பு, வால்வு, வலை என்று அன்றைக்கே பார்க்க வேண்டும், லோடு இறக்குமிடம் பத்துக் கிலோமீட்டரில் இருந்தாலும்.